நட்டுவை நகர்த்திய அரை அங்குலம்

பணி ஓய்வு விழாவில் என்னைப் பற்றி நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் சொல்லிவைத்த மாதிரி, "வசந்தா மேடம் பொறுமைசாலி" என்றார்கள். ஒரு விநாடிப் படத்துக்குப் பன்னிரண்டு தாள் கையால் வரைந்தவர், பொறுமை இல்லாமல் முடியுமா என்றார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது! என்னிடம் இருந்தது பொறாமை. நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தேன். மைக்கைப் பிடித்து அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மண்ணூரில். வேலை ஒரகடம் பக்கம், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு டிசைன் செக்ஷனில் டிரேசராகச் சேர்ந்தேன். அடுத்தவர் போட்ட வரைபடத்தை மெல்லிய தாளில் நகலெடுக்கும் வேலை. கை நடுங்காது எனக்கு. இருபது வருஷம் ஓடியது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, எங்கள் வரைபலகைகளை மடக்கி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். கூட இருந்தவர்களை ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். என்னை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ட்ரெயினிங் செக்ஷன் கேசவன் சார் வந்து, "உங்களுக்குக் கோடு போடத் தெரியும். பொம்மை போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

கேசவன் சாருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப் படங்கள். அதிலும் ஒரே ஒரு வகை. நிஜ மனிதர் ஒருவர் மேஜையில் உட்கார்ந்திருப்பார், காகிதத்தில் வரைந்த பொம்மை எழுந்து வந்து அவர் தொப்பியைத் தட்டிவிடும். இல்லாவிட்டால் நிஜக் குழந்தை ஒன்று வரைந்த தெருவில் வரைந்த மிருகங்களோடு கைகோத்து நடக்கும். எல்லாம் ஏழெட்டு நிமிஷம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பில் போட்டு, ஒவ்வொரு சட்டமாக, ஃபிரேம் ஃபிரேமாக, நிறுத்திக் காட்டுவார். முதலில் ஆளைப் படம் பிடிப்பார்களாம், ஒவ்வொரு சட்டத்தையும் போட்டோவாகப் போடுவார்களாம், அதன்மேல் பொம்மையை வைத்துத் திரும்பவும் பிடிப்பார்களாம். சில படங்களில் பொம்மை ஓரிடத்தில் நிற்கும், மனிதர் வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். சார் அங்கே நிறுத்திவிட்டு, "பாவம், நூறு வருஷமா இந்த மனுஷன் தப்பான இடத்தையே பாத்துக்கிட்டிருக்காரு" என்பார்.

எங்களுக்கும் அந்த மாதிரிப் படம்தான் வேண்டும் என்றார் சார். கேட்டதும் எனக்கு, இவருக்கு என்ன ஆச்சு என்றுதான் தோன்றியது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னது நியாயம். லைனில் தமிழ்நாட்டுத் தென்மாவட்டப் பிள்ளைகள், ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள், அசாம்காரர்கள். பாதுகாப்புப் பாடத்தை எந்த மொழியில் எடுப்பது? கேன்டீன் டி.வி.யில் போட்டாலும் தட்டுச் சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழாது. அதனால் பேச்சே இல்லாத படம், மூன்று நிமிஷம். எங்கள் தொழிலாளி ஒருவரே நடிப்பார், கூட ஒரு பொம்மை வரும். ஒவ்வொரு பாதுகாப்பு வாரத்துக்கும் ஒரு படம்.

பொம்மையை நான்தான் உருவாக்கினேன். இதை யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். ஆறு பக்கத் தலை, நடுவில் ஓட்டை, கீழே இரண்டு குச்சிக்கால். பெயர் நட்டு. வாய் கிடையாது. சார் வாய் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு கண், இரண்டு புருவம், அவ்வளவுதான். அழுகை, பயம், கெஞ்சல், கிண்டல் எல்லாவற்றையும் அந்தப் புருவத்திலேயே கொண்டுவந்தேன். ஒரு மாதத்தில் நட்டு தொழிற்சாலை முழுக்கப் பிரபலம். ஹெல்மெட்டில் வரைந்துகொண்டு திரிந்தார்கள். ஆனால் யார் வரைந்தது என்று கேட்க நாதியில்லை. ஒருநாள் கேன்டீனில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னாத்த வரையறது? கம்ப்யூட்டர்ல தட்டிவுட்டா அதுவா நடந்துகினு போவுது!" சாம்பார் வாளியை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

அதுவா நடந்துகொண்டு போகிறதா? வேலை இப்படி. கேமராவை முக்காலியில் நிறுத்தி, முக்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போடுவோம். வெல்டிங் கம்பி ஒன்றின் நுனியில் சிவப்புச் சாயம் அடித்த தெர்மகோல் உருண்டையைச் செருகி, நட்டுவின் கண் எங்கே வர வேண்டுமோ அந்த இடத்தில் நான் பிடித்துக்கொள்வேன். நடிப்பவர் உருண்டையைப் பார்த்து ஒருமுறை நடிப்பார், அது பந்து டேக். பிறகு உருண்டையை எடுத்துவிடுவோம். வெறும் காற்றைப் பார்த்து அதே மாதிரி இன்னொருமுறை நடிக்க வேண்டும், அதுதான் நிஜ டேக். அதை ஒவ்வொரு சட்டமாக அச்செடுத்து, அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடிமேல் வைத்து, மேலே மெல்லிய தாள் போட்டு நட்டுவை வரைவேன். தாள் நகராமல் இருக்க மேலே மூன்று துளை. டூல் ரூமில் கடைந்து கொடுத்த எஃகுப் பட்டை ஒன்றில் மூன்று முனை இருக்கும், துளைகள் அதில் உட்காரும். ஸ்கேனரிலும் அதே மாதிரி ஒரு பட்டை, இரண்டு ஸ்க்ரூவில் இறுக்கியது. ஸ்கேன் செய்த பொம்மையை நிஜப் படத்தின்மேல் கம்ப்யூட்டர் ஒட்டும். கம்ப்யூட்டருக்கு அந்த வேலை மட்டும்தான்.

சார் படத்தைச் சோதிக்கும் விதமே தனி. சட்டைப் பையிலிருந்து ஒரு கெட்டி அட்டையை எடுப்பார். முதலில் நட்டுவை மறைத்துக்கொண்டு ஆளை மட்டும் பார்ப்பார். பிறகு ஆளை மறைத்துக்கொண்டு நட்டுவை மட்டும் பார்ப்பார். கடைசியில் அட்டையை எடுத்துவிட்டு இரண்டையும் பார்ப்பார். அதுவரை மூச்சுவிடும் சத்தம்கூட அவரிடமிருந்து வராது. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "ம்" என்பார். சரியாக இருந்தால் "ம்". இல்லாவிட்டால் எத்தனையாவது தாள் என்று ஒரு நம்பரைச் சொல்வார். திட்ட மாட்டார், பாராட்ட மாட்டார். எட்டு வருஷம் நான் அந்த "ம்"முக்காகத்தான் வேலை செய்தேன். வீட்டில் என் கணவர் கூடக் கேலி செய்வார்: "இன்னிக்கு 'ம்' வந்துதா?"

நடிப்பவர்கள்தான் தலைவலி. சூப்பர்வைசர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். யூனியன் ஆள் ஒருவர் நட்டுவைத் தாண்டி சுவரைப் பார்த்தபடியே மூன்று நிமிஷம் நடித்தார். அந்தக் கண் போன இடத்துக்கெல்லாம் நான் நட்டுவை நகர்த்தி நகர்த்தி வரைந்து காப்பாற்றினேன். அப்படிக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. இவர்கள் நடிப்பது என் கையில் இருக்கிறது என்ற நினைப்பு.

அப்போதுதான் மாரி வந்தாள்.

மாரியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேராக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கான்ட்ராக்ட் வேலைதான். ஆனால் ஃபைனல் செக்கிங்கில் இருந்தாள். லென்ஸ் விளக்கின் அடியில் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் பிடிப்பதுதான் அவள் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைத்தான் பெரும்பாலும் நிரந்தரமாக்குவார்கள். அவளுக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கும்போது நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இருக்கும் என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

சார் அவளைச் சோதித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் உருண்டையைப் பிடித்தேன். ஒருமுறை பார்த்தாள். உருண்டையை எடுத்தேன். காற்றைப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே ஒரு கணம் அங்கே நட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. நான் இன்னும் வரையவே இல்லை! சார் அவளை அறைக்குள் நடக்கவிட்டு, "இப்போ அது எங்க இருக்கு?" என்று கேட்டார். அவள் போய் விரலை வைத்தாள். பந்து இருந்த அதே இடம்.

சார் கையைத் தட்டி, "பலே!" என்றார்.

பலே. எட்டு வருஷம் எனக்கு "ம்". அவளுக்கு முதல் நாளே பலே. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு சொல் காதுக்குள் ஒலித்துக்கொண்டே வந்தது. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, உண்மையிலேயே எரிந்தது. வீட்டுக்குப் போய் மோர் குடித்தேன்.

அதற்கப்புறம் தினமும் ஏதாவது ஒன்று. சார் பழைய படங்களை அவளுக்குப் போட்டுக் காட்டினார். அதில் தப்பில்லை. ஆனால் எனக்குச் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொன்னார்: "பொம்மைய யாரும் நம்ப மாட்டாங்கம்மா. அதப் பாக்குற கண்ணத்தான் நம்புவாங்க." அப்படியானால் நான் வரைந்தது? என் புருவம்? நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், பென்சில் சீவியபடி.

மாரி நல்ல பெண். அதுதான் இன்னும் கொடுமை. வாய் நீண்ட பெண்ணாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். காலையில் வந்ததும், "மேடம், நேத்து வரைஞ்சத பாக்கட்டுமா?" என்று வந்து நிற்பாள். தாள்களை விரலால் சரசரவென்று புரட்டி நட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எப்படி மேடம் இதுக்கு உசுரு குடுக்குதீங்க?" என்பாள். அந்தத் தொழிற்சாலையில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அப்படியும் எனக்கு அவள்மேல் மனம் இளகவில்லை. இவள் வேண்டுமென்றே புகழ்ச்சியில் குளிப்பாட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வருஷப் படம், மெஷினுக்குள் கைவிடுவதற்கு முன் அதை நிறுத்திப் பூட்டுவது பற்றியது. நட்டு மெஷினின் முன் தடுப்புமேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் உள்ளே விழும். மாரிக்கு உடனே கையை நீட்டிப் பிடிக்க வேண்டும் போலிருக்கும். கையை நீட்டாமல், கண்ணாலேயே அதைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, தன் பூட்டைத் தொங்கவிட்டு, அதற்கப்புறம்தான் எடுப்பாள். அந்தக் கெஞ்சல் அவள் முகத்துக்கு மிக அருகில் எடுத்த காட்சி. முப்பது விநாடி. முந்நூற்றறுபது தாள்.

நான் வரைந்தேன். குறை வைக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நல்ல நட்டு அந்த நட்டுதான். ஸ்கேன் செய்வதற்கு முன் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இதைப் பார்க்கிற யாரும் நட்டுவைப் பார்க்கப் போவதில்லை. அவள் கண்ணைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

சார் அந்த வாரம் ஊரில் இல்லை. வேறு மாநிலத்திலிருக்கும் எங்கள் இன்னொரு தொழிற்சாலைக்கு மூன்று வாரம் போயிருந்தார். "நீங்களே முடிச்சு கேன்டீனுக்குக் குடுத்துடுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். அட்டை இல்லை, "ம்" இல்லை, நம்பர் இல்லை. நான் மட்டும்தான்.

ஸ்கேனர் பட்டையின் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். பட்டையைப் பக்கவாட்டில் அரை அங்குலம் தள்ளினேன். திரும்ப இறுக்கினேன். முந்நூற்றறுபது தாளும் அந்த அரை அங்குலத்தோடு உள்ளே போயின. தடுப்பு நீளவாட்டில் இருந்ததால் நட்டு தடுப்புமேல் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. நட்டுவில் ஒரு பிசகும் தெரியாது. அவள் பார்வைதான் பிசகும். சும்மா ஒரு சின்ன சறுக்கல், சார் வந்து பார்த்தால் "பலே" என்று சொல்ல மாட்டார், அது போதும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

கேன்டீன் திரை பெரியது. அரை அங்குலம் அங்கே ஒரு சாண் ஆகிவிட்டது.

முதல் ஷிப்டு சாப்பாட்டு நேரம். நானும் ஒரு மூலையில் நின்றேன். படம் ஓடியது. அந்தக் காட்சி வந்தது. அவள் முகம் திரை முழுக்க. ஒரு கண் நட்டுவைப் பார்க்கிற மாதிரியும் இன்னொரு கண் வேறெங்கோ போகிற மாதிரியும் இருந்தது. முதலில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு ஒரு மேஜை, பிறகு கேன்டீன் முழுக்க. "டேய், அந்தப் பொண்ணு லண்டன்ல பார்த்து பாரிஸ்ல கெஞ்சுதுடா!" "மாறுகண்ணு பா அதுக்கு!" மாரி சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிஷம் ஜில்லென்று இருந்தது.

மூன்றே நாளில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மாறுகண் மாரி. பஸ்ஸில், வருகை பதியும் பஞ்ச் மெஷின் அருகே, அறையில் கூட. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. க்வாலிட்டி மேனேஜர் படத்தைப் பார்த்திருக்கிறார். கூட இருந்தவர்களிடம், "இந்தப் பொண்ணா நம்ம ஃபைனல் செக்கிங்ல உக்காந்திருக்கு? பிரேக் பார்ட்டுங்க இது. விரிசல் எங்க இருக்கு, இது எங்க பார்க்குது?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டே கேட்டதுதான். ஆனால் மறுநாள் அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி பேக்கிங்கில் போட்டார்கள். கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை அவள் இடத்துக்கு வேறொரு பெண்.

எனக்கு அப்போதுதான் நான் செய்தது என்னவென்று உறைத்தது. ஒரு நிமிஷ வேலை, க்வாலிட்டி அறைக்குப் போய், "பட்டை நகர்ந்துவிட்டது சார், அந்தப் பெண் கண்ணில் ஒன்றுமில்லை" என்று சொன்னால் போதும். இரண்டு தடவை அந்தக் கதவுவரை போனேன். ஏன் நகர்ந்தது என்று கேட்டால்? எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நகராத பட்டை இந்த ஒரு காட்சிக்கு மட்டும் எப்படி நகர்ந்தது? இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன். ரிப்போர்ட்டில் கண் சரி என்றுதானே வரும், தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ரிப்போர்ட் சரியாகத்தான் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கண் டாக்டர் குறையொன்றும் இல்லை என்று எழுதிவிட்டார். ஆனால் அதற்குள் புதுப்பிப்புப் பட்டியல் போய்விட்டது. ஃபைனல் செக்கிங் நாற்காலியில் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணின் பெயர் அதில் இருந்தது. பேக்கிங்கிலிருந்து யாரையும் எடுக்கவில்லை. மாரியின் கான்ட்ராக்ட் அத்தோடு முடிந்தது.

கடைசி நாள், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் மாரி என்னிடம் வந்தாள். நான் கண்ணாடிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நான் அந்தப் பந்தத்தான பாத்தேன்? நீங்கதான புடிச்சிருந்தீங்க. எங்க மேடம் தப்புச் செஞ்சேன்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலை போய்விட்டது, இனி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, பார்த்தீர்களா? பார்வையைப் பற்றிக் கேட்டாள். தான் எங்கே பிசகினோம் என்று கேட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா? தலையைக்கூட நிமிர்த்தாமல், "வெறும் இடத்தப் பாக்குறது கஷ்டம்மா. எல்லாருக்கும் வராது" என்றேன்.

"சரி மேடம்" என்றாள். போய்விட்டாள்.

பட்டையைத் தள்ளியது ஒரு புத்தி. இதைச் சொன்னது வேறு. முதலாவதையாவது கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்குச் சாக்கே இல்லை.

அடுத்த வாரம் கேசவன் சார் வந்தார். படத்தைப் போடச் சொன்னார். அட்டையை எடுத்தார். நட்டுவை மறைத்து மாரியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மாரியை மறைத்து நட்டுவைப் பார்த்தார். தலையசைத்தார். அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தார். நிறுத்தினார். பழைய பந்து டேக்கைத் தேடிப் பக்கத்தில் போட்டார். மேஜையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்தார். பிறகு என் தாளில் அளந்தார். கணக்குப் போட அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"பட்டை நகந்திருக்கு."

"ஸ்க்ரூ லூஸ் ஆயிருக்கும் சார்."

சார் என்னைப் பார்த்தார். எழுந்து ஸ்கேனருக்குப் போய், இரண்டு ஸ்க்ரூவையும் தொட்டுப் பார்த்தார். நான்தான் இறுக்கி வைத்திருந்தேனே, அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பட்டையைப் பழைய இடத்துக்குத் தள்ளி, தானே இறுக்கினார். மாரியைத் திரும்ப எடுக்கக் கேட்டு பர்சனல் ஆபீஸுக்குப் போனார். "இடம் நிரம்பிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் போல. அந்தப் பெண் அறையைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டதாகவும் தெரிந்தது. அந்தப் படத்தை அதற்குப் பிறகு போடவே இல்லை.

சார் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. என்னை மாற்றவில்லை, மெமோ கொடுக்கவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை இன்னும் ஆறு படம் செய்தோம். அட்டையை எடுப்பார், மறைத்துப் பார்ப்பார், சேர்த்துப் பார்ப்பார். முடிந்ததும் எழுந்து போய்விடுவார். "ம்" மட்டும் வரவே இல்லை.

இதெல்லாம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாரியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தேடவும் இல்லை. போன மாதம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். சரியான கூட்டம். வரிசை நகராமல் நின்றுகொண்டிருந்தபோது, "வசந்தா மேடமா?" என்று ஒரு குரல்.

எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்க்கிற மாதிரி பார்த்தாள். சற்றுத் தள்ளி அவள் கணவர் பூத்தட்டோடு நின்றார். கல்யாணம் ஆகித் திரும்பவும் இந்தப் பக்கமே வந்துவிட்டார்களாம். அவர் டயர் கம்பெனியில், இவள் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறாள். நட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் ரிட்டயர் ஆகிவிட்டதைச் சொன்னேன். பேச்சை மாற்ற நினைத்து, "கண்ணாடி எப்போ போட்டே? பவர் எவ்வளவு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பவரெல்லாம் இல்ல மேடம். வெறும் கண்ணாடிதான். டாக்டர் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாரு. ஆனா நான்தான் திரையில பாத்தேன்லா. டாக்டருக்கு என்ன தெரியும்? நேரா பாத்தா அப்படித் தெரியுதுன்னு இப்படிச் சாச்சே பாத்துப் பழகிட்டேன். கண்ணாடி போட்டா அவ்வளவாத் தெரியாது."

பொண்ணு பார்க்க வந்தவர்களைக்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். செக்கிங் வேலைக்கு இரண்டு கம்பெனியில் கூப்பிட்டார்களாம், தன் கண்ணை நம்பி ஒரு பிரேக்கை அனுப்ப பயமாக இருந்தது, போகவில்லை என்றாள்.

வரிசை ஓரடி நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்ற அம்மா முதுகில் இடித்தார்.

"மாரி, அன்னிக்கு நான் பட்டைய நகத்திட்டேன். வேணும்னே. அரை அங்குலம். உன் கண்ணுல ஒண்ணும் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். ஸ்க்ரூ, ஸ்கேனர், முந்நூற்றறுபது தாள், சார் சொன்ன பலே, என் வயிற்றெரிச்சல், எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்தில், சத்தத்தில், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ..." என்றாள். ஓரடி கிட்டே வந்து கேட்டாள். "அப்போ நான் சரியாத்தான் பாத்தேனா?"

"சரியாத்தான் பாத்தே. அவ்வளவு சரியா யாரும் பாத்ததில்ல. அதனாலதான் செஞ்சேன்."

அதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இந்தப் பாவி மனசு அப்போதும் பொறாமைப்பட்டது. எனக்கு என் வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் ஒருநாளும் வந்ததில்லை.

மாரி கண்ணாடியைக் கழற்றினாள். கணவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. நான் சொல்லுவேன்லா, பொம்மைப் படம் போடுத மேடம், இவங்கதான். எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லியாம். இவங்க சொல்லுதாங்க."

அவருக்குப் பாதி காதில் விழவில்லை. விழுந்தவரைக்கும் நல்ல செய்தி. பூத்தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோசம் மேடம். உங்கள மாதிரி நாலு பேரு சொன்னாத்தான் இவளுக்குத் தைரியம் வரும்" என்று இரண்டு கையையும் சேர்த்தார்.

மாரி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீங்க எதுக்குக் கும்பிடுதீங்க? கும்பிட வேண்டியது அவங்கல்லா."

வரிசையில் முன்னே நின்றவர்கள் சந்நிதியைப் பார்த்துக் கை தூக்கினார்கள், திரை விலகியிருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் முன்னால் நின்றவளைப் பார்த்துக் கும்பிட்டேன். அவள் தலையைச் சாய்க்காமல், நேராக என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.